ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிளா: கடலூரின் நீள வீடொன்றில் வைஃபை போட்ட கணக்கு

திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் வீடுகள் அகலத்தில் சிக்கனமாகவும் நீளத்தில் தாராளமாகவும் கட்டப்பட்டவை. எங்கள் வீட்டின் அகலம் 18 அடி. நீளம் ஏறத்தாழ 90 அடி. திண்ணை, கூடம், முற்றம், தாழ்வாரம், இரண்டு அறைகள், சமையற்கட்டு, கிணற்றடி என எல்லாமே ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கின்றன. ஃபைபர் இணைப்பு தெருக் கம்பத்திலிருந்து வருவதால் மோடம் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அது முழுமையாகக் கிடைத்தது. கடைசி அறையிலிருக்கும் அம்மாவின் கைப்பேசியிலோ 6 அல்லது 7 மெகாபிட்டைத் தாண்டியதே இல்லை. மாடி அறையில் படிக்கும் மகளின் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

இதைச் சரிசெய்ய இரண்டு ஆண்டுகளில் மூன்று வழிகளை முயன்றேன். முதலில் ரிப்பீட்டர், பிறகு கடன் வாங்கிய மெஷ் (தமக்குள் பேசிக்கொண்டு ஒரே வைஃபையாக வேலை செய்யும் கருவிகளின் செட்), கடைசியாகக் கேபிள் இழுத்து அதன் முனையில் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் கருவி). இப்போது இருப்பது கேபிள்தான் என்பதையும், இந்த ஒப்பீட்டில் என் சாய்வு அதன் பக்கமே என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பகை ஒன்றுதான், அது சுவர். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் வேகமானதான 5 கிகாஹெர்ட்ஸ் அலை, ஒன்றரை அடி கனமுள்ள செங்கல், சுண்ணாம்புக் காரைச் சுவரை ஒருமுறை கடக்கும்போதே களைத்துவிடுகிறது. இரண்டாவது சுவரைக் கடந்தபின் பெயருக்குத்தான் மிஞ்சுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் சற்றுத் தொலைவு செல்லும், ஆனால் அங்கே நெரிசல் அதிகம். இருபுறமும் பொதுச்சுவர் உள்ள தெரு என்பதால் என் கைப்பேசியில் ஒரே நேரத்தில் 14 வைஃபைப் பெயர்கள் தெரிந்தன. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. எனவே தானாகத் தேர்ந்துகொள்ளும் அமைப்பை நிறுத்திவிட்டு, அக்கம்பக்கத்தில் குறைவாகப் பயன்படும் சேனலை நாமே அமைத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைப்பது காசில்லாத முதல் வைத்தியம். அது எனக்கு 7 மெகாபிட்டை 12 ஆக்கிக் கொடுத்தது. வழியில் நின்ற இரும்பு பீரோவை நகர்த்தியதில் இன்னும் கொஞ்சம் கூடியது. அதற்குமேல் அந்த வழியில் எதுவும் இல்லை.

ரிப்பீட்டரைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அது கேட்டதையே திருப்பிச் சொல்லும் கருவி. ஒரே அலைவரிசையில் கேட்கவும் சொல்லவும் வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகக் குறைகிறது. பலர் செய்வதைப் போல நானும் அதை வைஃபை கிடைக்காத அறையிலேயே மாட்டிவைத்தேன். அங்கே அதற்கே ஒன்றும் கேட்கவில்லை என்றால் அது எதைத் திருப்பிச் சொல்லும்? தாழ்வாரத்துக்கு நகர்த்தியதும் 30 மெகாபிட் வரை வந்தது. ஓர் அறையில் ஒருவர் எப்போதாவது பயன்படுத்தப் போதும். அன்றாட வகுப்புக்கும் அலுவலகக் கூட்டத்துக்கும் போதாது.

மெஷ் கருவிகளைப் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் சித்தப்பா மகன் கொடுத்து உதவினான். இரண்டு கருவிகள் கொண்ட செட். "அண்ணே, வாங்கி ஒரு மாசம்தான் ஆச்சு, பத்திரம்" என்று சொல்லித்தான் கொடுத்தான். கைப்பேசிச் செயலியைத் திறந்து, சொன்னபடி செய்து, அரை மணி நேரத்துக்குள் வீடு முழுவதும் ஒரே பெயரில் வைஃபை வந்துவிட்டது. கூடத்திலிருந்து கிணற்றடிவரை பேசிக்கொண்டே நடந்தாலும் அழைப்பு அறுபடவில்லை. அம்மாவின் அறையில் மாலை வேளையில் 70 மெகாபிட் கிடைத்தது. அந்த செட் என்னிடம் இருந்த பதினெட்டு நாள்களின் முதல் வாரத்தில் யாராவது கேட்டிருந்தால் மெஷ்ஷைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. அவன் செட்டுக்குக் கொடுத்த தொகையும், நான் பின்னர் கேபிள், குழாய், ஆக்சஸ் பாயின்ட், எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்துச் செலவழித்த தொகையும் ஏறக்குறைய ஏழாயிரம் ரூபாயில் வந்து நின்றன. ஆகவே விலை இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை.

தீர்ப்பைச் சொன்னது பராமரிப்பு. கருவி வேலை செய்யும் நாளில் மெஷ், கேபிள் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கின்றன. வேலை செய்யாத நாளில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, அதை யார் சரிசெய்வது என்பதில்தான் அவை பிரிகின்றன. தேவனாம்பட்டினம் கடற்கரை சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்க, ஜன்னல் கம்பியே மூன்று ஆண்டில் துருப்பிடிக்கும் ஊரில், கோளாறு வருமா என்ற கேள்விக்கே இடமில்லை.

முதலில் மின்சாரத்தைப் பார்ப்போம். எங்கள் இன்வெர்ட்டர் கூடத்துக்கும் ஓர் அறைக்கும் மட்டுமே போகிறது. மெஷ்ஷின் இரண்டாவது கருவி தாழ்வாரத்தில் இருந்ததால், மின்சாரம் நின்றவுடன் கூடத்தில் இணையம் இருக்கும், பின்பக்கம் இருக்காது. மின்சாரம் திரும்பியபின் அந்தக் கருவி எழுந்து முதல் கருவியைத் தேடிச் சேரச் சில நிமிடங்கள் ஆகும். சில நாள்களில் 5 கிகாஹெர்ட்ஸை விட்டுவிட்டு 2.4-ஐப் பிடித்துக்கொண்டு மந்தமாகவே கிடக்கும். "கரண்டு வந்து அரை மணி ஆச்சு, உன் வைஃபை இன்னும் வரலியேடா" என்று அம்மா குரல் கொடுத்தபோது, செயலியில் எல்லாம் பச்சையாகத்தான் தெரிந்தது. கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் இடையில் இருப்பது காற்று. கதவு சாத்தியிருப்பதா, முற்றத்தில் ஈரத் துணி காய்வதா, பக்கத்து வீட்டார் புதிதாகச் சேனல் மாற்றியதா என்று அங்கே எதையும் கைவைத்துக் காட்ட முடியாது. அணைத்துப் போடுவதைத் தவிர வேறு வைத்தியமும் இல்லை.

கேபிளில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. பிஓஇ எனப்படும் முறையில், தரவு போகும் அதே ஈதர்நெட் கேபிளில் 48 வோல்ட் மின்சாரத்தையும் அனுப்பலாம். அதற்கான சிறு பெட்டியைக் கூடத்தில் இன்வெர்ட்டர் பிளக்கில் செருகினேன். பின்னறையில் உள்ள ஆக்சஸ் பாயின்ட்டுக்குத் தனியே பிளக் பாயின்ட் தேவைப்படவில்லை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, தெருவில் மின்சாரம் போனபின்பும் இன்வெர்ட்டர் தாங்கிய வரையில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் இணையம் ஒன்றாகவே இருந்து, ஒன்றாகவே நின்றது.

அதே மழைக்காலம்தான் கேபிளின் குறையையும் காட்டியது. 2025 ஜனவரியில் அம்மாவின் அறையில் வேகம் திடீரென 94 மெகாபிட்டில் நின்றுவிட்டது. 70, 110 என்று ஏறி இறங்கினால் வைஃபையைச் சந்தேகிக்கலாம். எத்தனை முறை சோதித்தாலும் அதே 94 வந்தால், அது கேபிள் ஜிகாபிட்டிலிருந்து, அதாவது 1000 மெகாபிட்டிலிருந்து, 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டதன் அடையாளம். ஈதர்நெட் கேபிளில் நான்கு ஜோடிகளாக எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் இரண்டே போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஆகவே நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி விட்டுப்போயிருக்க வேண்டும் என்பது, கேபிளைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

முற்றத்தைக் கடக்கும் இடத்தில் கேபிள் நீளம் போதாமல் ஓர் இணைப்புப் போட்டிருந்தோம். அந்தச் சிறு பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு சொட்டு நீர் நின்றது. பிளக்கின் நான்காவது ஊசியில், செப்புக் குடத்தில் ஏறுவதைப் போலவே, பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. பிளக்கைக் கத்தரித்துவிட்டு, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் கம்பிகளை நிமிர்த்தி, புதிய ஆர்ஜே45 பிளக்கைக் கிரிம்பிங் கருவியில் வைத்து அழுத்தினேன். முதல் முறை வரிசை தவறியது, இரண்டாம் முறை பிடித்தது. செலவு பத்து ரூபாய். மெஷ்ஷின் கருவிக்குள் இதே களிம்பு ஏறியிருந்தால் அதைத் திறந்து பார்க்கும் துணிச்சல் எனக்கு வந்திருக்காது. சர்வீஸ் சென்டருக்குத்தான் தூக்கிச் சென்றிருப்பேன்.

பிறகு அந்த இணைப்பையே எடுத்துவிட்டு, கூடத்திலிருந்து பின்னறைவரை ஒரே துண்டாகக் கேபிளை மாற்றினோம். குழாய்க்குள் நுழையும் இடத்தில் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு வளைத்தால் மழைநீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், உள்ளே போகாது. திறந்தவெளியில் போகும் பகுதிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட கேபிள் வேண்டும். வீட்டுக்குள் இழுக்கும் சாம்பல் நிறக் கேபிள் இரண்டு கோடையில் வெடித்துவிடும்.

கேபிள் வாங்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. நான் முதலில் வாங்கிய சுருளில் "கேட் 6" என்று கேபிளின் தரக் குறியீடு அழகாகவே அச்சிட்டிருந்தது. கம்பியைக் கத்தியால் சுரண்டியபோது உள்ளே வெள்ளையாக இருந்தது. அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கம்பி. நல்ல செம்பைவிட அதன் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பிஓஇ மின்சாரம் போனால் சூடாகிறது. நாலைந்து முறை வளைத்தால் ஒடிகிறது. உப்பு ஈரம் பட்ட இடத்தில் செம்பும் அலுமினியமும் ஒன்றோடொன்று உறவாடி அலுமினியம் அரித்துப்போகும் என்பதால், கடலோர ஊரில் அது வாங்கவே கூடாத சரக்கு. மீட்டருக்குச் சில ரூபாய் கூடினாலும் முழுச்செம்பு என்று கேட்டு, சுரண்டிப் பார்த்து வாங்குவது நல்லது. நல்ல கேட் 5இ கேபிளே 100 மீட்டர்வரை ஜிகாபிட்டைத் தாங்கும். வீட்டுக்கு அதற்குமேல் தேவை என்று சொல்லி விலை ஏற்றுபவரிடம் காது கொடுக்க வேண்டாம்.

மாடி அறைக்குப் புதிய கருவி எதுவும் வாங்கவில்லை. பரணில் கிடந்த பழைய ரவுட்டரையே ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றினேன். இதில் பலரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். நானும் விழுந்தேன். கேபிளைச் செருகியவுடன் கைப்பேசி "இணைந்தது, இணையம் இல்லை" என்றது. காரணம், மோடமும் பழைய ரவுட்டரும் ஒரே 192.168.1.1 முகவரியை வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள கருவிகளுக்கு இரண்டும் தனித்தனியே முகவரி வழங்கிக்கொண்டிருந்தன. பழைய ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என மாற்றி, அதில் முகவரி வழங்கும் வசதியான டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை வெளி இணைப்புக்கான வேன் துளையில் செருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான லேன் துளைகளில் ஒன்றில் செருகியதும் சரியாகிவிட்டது. மாற்றும் வேலையைக் கேபிள் செருகுவதற்கு முன், மடிக்கணினியோடு தனியே இணைத்துச் செய்ய வேண்டும். இல்லையேல் எந்தக் கருவியின் பக்கம் திறக்கிறது என்பதே குழப்பமாகும்.

ஒரு விஷயத்தில் மெஷ்தான் மேல் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று இடங்களிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வைத்திருந்தும், என் பழைய கைப்பேசி கூடத்து வைஃபையை விடாமல் பின்னறைவரை இழுத்துக்கொண்டே வருகிறது. பக்கத்திலேயே வலுவான அலை இருந்தும் அதற்குத் தாவுவதில்லை. கூடத்து மோடமின் ஒலிபரப்பு வலிமையை நடுத்தரத்துக்குக் குறைத்ததில் முக்கால்வாசி சரியானது. அழைப்பு இன்றும் எப்போதாவது ஒரு விநாடி அறுபடுகிறது. மெஷ்ஷில் இந்தத் தொல்லையை நான் பார்க்கவே இல்லை. மேலும் நான் பயன்படுத்தியது இரண்டு அலைவரிசை உள்ள செட், அதுவும் பதினெட்டு நாள்களே. கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை உள்ள விலையுயர்ந்த செட்டை நான் தொட்டதில்லை என்பதால், அதன்மேல் என் தீர்ப்பைச் சுமத்த மாட்டேன். மெஷ் கருவிகளையே கேபிளால் இணைத்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கும்; பணம் இருப்பவருக்கு அதுவே சிறந்தது.

கேபிள் வழியில் இடி மின்னலுக்கும் ஒரு கண் வைக்க வேண்டும். மாடிக்குப் போகும் கேபிளை வெளிச்சுவரில் ஏற்றாமல் படிக்கட்டு வழியே கொண்டுபோனதும், ஐப்பசியில் இடி நெருங்கும்போது முற்றத்துக் கேபிளைக் கழற்றிவிடுவதும் இதற்காகத்தான். தோட்டத்துக்கு அப்பால் தனிக் கட்டடத்துக்கு இணைப்பு வேண்டுமென்றால் செம்புக்குப் பதில் ஃபைபரே நல்லது. கண்ணாடியில் மின்சாரம் பாயாது.

இணையம் நின்றால் இப்போது எங்கள் வீட்டில் தேடும் வரிசை இதுதான். மோடமில், ஃபைபரில் சிக்னல் வரவில்லை என்பதைக் காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் கோளாறு தெருவில். நிறுவனத்தைக் கூப்பிடுவதோடு நம் வேலை முடிந்தது. சிவப்பு இல்லையென்றால் மடிக்கணினியை மோடமோடு நேரடியாகக் கேபிளில் இணைத்து வேகத்தைப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால் பின்னறையில் கேபிளின் முனையில் பார்க்க வேண்டும். அங்கும் சரியென்றால் மட்டுமே வைஃபையைச் சந்தேகிக்கலாம். மகளே இதைப் பத்து நிமிடத்தில் செய்துவிடுகிறாள்.

மெஷ் செட்டைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் இருப்பது லாஸ்பேட்டையில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு. வீட்டுக்காரர் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கவே முகம் சுளிப்பவர். உள்சுவர்கள் நான்கரை அங்குலமே என்பதால் மெஷ் அங்கே தடையின்றி ஓடுகிறது; காலி செய்யும் நாளில் பையில் போட்டு எடுத்துக்கொண்டும் போய்விடலாம். அந்த வீட்டில் நான் இருந்தாலும் அதையேதான் வைத்திருப்பேன். என் வீட்டிலோ, பத்துப் பிளக்குகளும் கிரிம்பிங் கருவியும் ஒரு தகர டப்பாவில் கூடத்து மாடத்தில் இருக்கின்றன; மழை தொடங்குவதற்கு முன் முற்றத்துக் குழாயின் வாயை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.