பிஎஸ்ஏ 2.1, இடுப்பு 104

மூன்று வாரம் கும்பகோணம் பக்கம் எங்கள் ஊரில் இருந்துவிட்டு டொராண்டோ திரும்பி நான்கு நாள் ஆகிறது. இந்தத் தடவை போனதே அப்பாவுக்காகத்தான். 67 வயது, பத்து வருடமாக ரத்தக்கொதிப்பு, வருடாவருடம் கூடும் தொப்பை. ராத்திரி மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்து போகிறார் என்று அம்மா போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சித்தப்பாவைப் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வீடு. கூடப்பிறந்தவருக்கு வந்திருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மனம் நிறைந்ததை முதலில் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் எங்கள் தெருவுக்கும் வருகிறது. தன்னார்வலர் அக்கா திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்தார். 152/94. "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாய்யா?" அப்பா வாயே திறக்கவில்லை. அக்கா அட்டையை வாங்கி எண்ணினார். ஆறு மாத்திரை மிச்சம். ஒரு பைசா வாங்காமல் இப்படி எண்ணிப் பார்க்க யார் வருவார்கள்!

டவுனில் ஒரு தனியார் லேபில் முழு உடல் பரிசோதனை செய்தோம். பிஎஸ்ஏ, அதாவது புராஸ்டேட்டிலிருந்து ரத்தத்தில் கலக்கும் புரதத்தின் அளவு, 2.1; பக்கத்திலேயே 'நார்மல்'. எடை 91 கிலோ என்று எழுதியவர்கள் இடுப்பை அளக்கவில்லை. "நாலுக்குக் கீழதான் சார், கவலைப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதில்தான் எனக்கு வருத்தம்.

சிறுநீரகவியல் டாக்டர் முதலில் எடுத்தது இஞ்ச் டேப். 104 செ.மீ. நம் ஆண்களுக்கு 90 தாண்டினாலே தொப்பை கணக்கு. "உடம்பு பெருத்தவங்களுக்கு ரத்தத்தோட அளவும் ஜாஸ்தி. அண்டாத் தண்ணியில போட்ட ஒரு கை உப்பு மாதிரி பிஎஸ்ஏ நீர்த்துப்போயி கம்மியா காட்டலாம்" என்றார். உடல்பருமன், முற்றிப் பரவும் வகைப் புராஸ்டேட் புற்றுநோயோடுதான் அதிகம் சம்பந்தப்படுகிறது. எண் குறைவாகத் தெரிந்து தாமதமாகக் கண்டுபிடிப்பதும் அதற்கு ஒரு காரணம். ரத்தக்கொதிப்புக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் தொப்பை, கொதிப்பு, சர்க்கரை மூன்றும் சேர்ந்தே வருகிறவை. நாளை புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை என்று வந்தால் இதயம் தாங்க வேண்டும், அதற்காகவாவது பிரஷர் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றார்.

ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை என்றதும் அப்பா வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா பெயரை நான் சொன்ன பிறகுதான் எழுந்து உள்ளே போனார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. வீக்கம் மட்டும், அதற்கு மாத்திரை. ஆறு மாதம் கழித்துப் பிஎஸ்ஏ மறுபடி.

வெளியே வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "இவ்வளவுதானாடா? தம்பிய அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கலாமே."