டர்போ போதுமா, சூப்பர்சார்ஜரும் வேணுமா?

ஏழு பேர் உட்காரும் பெட்ரோல் வண்டி தேடியபோது கடைசியில் இரண்டுதான் மிஞ்சின. ஒன்று கைமாறி வந்த வோல்வோ எக்ஸ்சி90 டி8. அதன் 2 லிட்டர் எஞ்சினுக்கு டர்போவும் உண்டு, சூப்பர்சார்ஜரும் உண்டு. இரண்டுமே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளி இழுவையைக் கூட்டுபவை. பின் அச்சில் மின் மோட்டார் வேறு. இன்னொன்று புது ஸ்கோடா கோடியாக். அதிலும் 2 லிட்டர்தான், ஆனால் டர்போ மட்டும். நான் கோடியாக்கை எடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேனுங்க.

இரண்டையும் ஏன் சேர்க்கிறார்கள் என்பது பலருக்கும் தெரிந்ததே. டர்போவைச் சுற்றுவது சைலன்சருக்குப் போகும் புகை, அதனால் கீழ் ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) கொஞ்சம் தாமதம். சூப்பர்சார்ஜர் பெல்ட்டில் ஓடுவதால் மிதித்தவுடன் காற்றைத் தள்ளும், ஆனால் மேலே போகப் போக எஞ்சின் சக்தியையே தின்னும். கீழே இது, மேலே அது என்று பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். இந்தக் கூட்டு 1985இல் லான்சியா டெல்டா எஸ்4 ராலி காரில் வந்தது, 2005இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடியில் வந்தது.

நம்ம பக்கம் இந்த வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏற வேண்டும், அல்லது பண்ணாரியிலிருந்து திம்பம். 40 கொண்டை ஊசி அங்கே, 27 இங்கே. வளைவில் வேகம் செத்து, முன்னால் கரும்பு லாரி ஊர்ந்து, மறுபடி மிதிக்கும் அந்த நொடியில்தான் கீழ் இழுவை வேணும். டி8 அங்கே அபாரம். மொத்தம் 640 நியூட்டன் மீட்டர் இழுவை என்றால் சும்மாவா! ஆனால் அந்த முதல் உந்தலில் மின் மோட்டாருக்குப் பெரிய பங்கு உண்டு. மோட்டார் அதைச் செய்யும்போது சூப்பர்சார்ஜருக்கு என்ன வேலை? பிற்பாடு பெரிய மோட்டாரை வைத்தபோது வோல்வோவே டி8இல் சூப்பர்சார்ஜரை எடுத்துவிட்டது.

டர்போவும் பழைய டர்போ இல்லை. இரண்டும் சேர்ந்த அந்த 1.4 லிட்டர் கோல்ஃப் 1750 ஆர்பிஎம்மில் 240 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. இன்றைய ஃபோக்ஸ்வாகன் டைகுன், விர்ட்டஸில் வரும் 1.5 லிட்டர் எஞ்சின் டர்போவை மட்டும் வைத்து 1600இலேயே 250 தருகிறது. கோடியாக் 1500இல் 320. திம்பத்தில் இரண்டாம் கியரில் இதற்கு மேல் நான் கேட்டதில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். சூப்பர்சார்ஜர் என்றால் அது மட்டும் வருவதில்லை. தனி பெல்ட், வேண்டும்போது மட்டும் அதை ஓடவைக்கும் காந்தக் கிளட்ச், காற்றை மாற்றிவிடும் வால்வு, அதற்கான குழாய்கள், சென்சார்கள் எல்லாம் கூடவே வரும். அந்த 1.4 ஃபோக்ஸ்வாகனில் காந்தக் கிளட்ச் வாட்டர் பம்போடு ஒரே தொகுப்பு. கிளட்ச் போனால் பம்பையும் சேர்த்து மாற்றணும். கோயம்புத்தூரில் எதையும் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை தெருவுக்குத் தெரு உண்டு, ஆனால் இந்தச் சாமான்கள் லேத்தில் பிறப்பதில்லை. எங்கள் மெக்கானிக் தம்பி சொன்னது: "அண்ணா, டர்போவுக்கு ஆயிலை நேரத்துக்கு மாத்துனாப் போதுமுங்க. ரெண்டும் இருந்தா, சத்தம் எதுல வருதுன்னு கண்டுபுடிக்கவே ஒரு நாளாகும்." டர்போ போனாலும் செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த கைகள் ஈரோட்டிலும் திருப்பூரிலும் இருக்கின்றன. விற்கும்போது வாங்க வருபவர் முதலில் கேட்பதும் இந்தப் பராமரிப்பைப் பற்றித்தான்.

டி8ஐ நான் ஓட்டியது கொஞ்ச நேரம்தான். வருடக்கணக்கில் வைத்திருப்பவர் வேறு மாதிரி சொல்லலாம். அதன் பேட்டரிச் செலவை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அப்படியும் டி8தான் வேண்டும் என்பவர்கள் காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே போய்ப் பாருங்கள். பானெட்டைத் திறந்துவைத்து, மின் மோட்டார் மட்டுமில்லாமல் எஞ்சினும் ஓடும்படி ஸ்டார்ட் செய்யச் சொல்லி பெல்ட் பக்கம் கீச்சொலி வருகிறதா கேளுங்கள். பிறகு ஒரு மேட்டில் மெதுவாக ஊர்ந்து திடீரென்று மிதியுங்கள். சூப்பர்சார்ஜரின் கிளட்ச் பிடிக்கும்போது இடித்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.