எண்ணெய் வறண்ட லேனுக்கு எந்தப் பந்து?

பவுலிங்கில், எண்ணெய் வறண்ட லேனில் (பந்து உருளும் தடத்தில்) பந்து திரும்பவில்லை என்று யாரும் புலம்புவதில்லை. பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறது என்றுதான் புலம்புகிறார்கள். பந்தை விடும் ஃபவுல் கோட்டிலிருந்து, விழுத்த வேண்டிய பத்துப் பின்களில் முதலாவது வரை 60 அடி. அரங்குகளில் வழக்கமாக எண்ணெய் பூசும் முறையான ஹவுஸ் பேட்டர்னில் முதல் 40 அடி வாக்கில் எண்ணெய் இருக்கும். பகல் முழுக்க ஆட்டம் நடந்து, மறுபடி பூசாமல் விட்டால் அந்த எண்ணெயைப் பந்துகளே வாரிக்கொண்டு போய்விடும். அப்புறம் பந்து முன்னாலேயே பிடித்துக்கொள்ளும், சுழற்சியின் வலு நடுவிலேயே தீரும். வலது கையால் வீசுபவரின் பந்து, முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் இடையிலுள்ள பாக்கெட்டில் சரியாக விழுந்தாலும் வலது கோடியிலுள்ள 10-ம் பின் அசையாமல் நிற்கும்.

ஆக, இங்கே வலு குறைந்த பந்துதான் பலமாக அடிக்கும். அதிலும் மூன்று வகை போட்டியில் இருக்கிறது.

முதலாவது பிளாஸ்டிக், அதாவது பாலியெஸ்டர் மேலுறை. கொலம்பியா 300 ஒயிட் டாட் இந்த வகை. விலை குறைவு, லேன் எப்படி இருந்தாலும் ஏறக்குறைய நேராகவே போகும். ஸ்பேர் எடுக்க, அதாவது முதல் வீச்சில் மிஞ்சிய பின்களை இரண்டாவதில் விழுத்த, இதைவிட நல்லது இல்லை. முதல் வீச்சிலேயே எல்லாப் பின்களையும் விழுத்தும் ஸ்ட்ரைக்குக்கு வந்தால்தான் சிக்கல். பாக்கெட்டில் பந்து சுமார் 6 டிகிரி கோணத்தில் நுழைவது நல்லது என்பார்கள். நேராக வரும் பந்து லேனின் ஓரத்திலிருந்து புறப்பட்டாலும் அதில் பாதிகூடத் தேறாது. லேன் சுத்தமாகக் காய்ந்து போயிருந்தால் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் வளையும். அந்த ஒரு நிலையில் மட்டும் இதை ஸ்ட்ரைக் பந்தாக எண்ணலாம்.

இரண்டாவது யூரித்தேன் மேலுறை. 1981-ல் ஏஎம்எஃப் ஆங்கிள் வந்ததிலிருந்து இந்த வகை புழக்கத்தில் இருக்கிறது. இப்போது ஸ்டார்ம் பிட்ச் பிளாக், ஹாமர் பர்ப்பிள் பெர்ல் போன்றவை பிரபலம். இது சீக்கிரமே பிடித்தாலும் வெடுக்கென்று திரும்பாது, ஒரே சீரான வளைவு. ஸ்வீடனின் ஜெஸ்பர் ஸ்வென்சன் மாதிரி இரண்டு கையால் வீசி அசுரச் சுழற்சி கொடுப்பவர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் அதுதான். சுழற்சி குறைவாகக் கொடுப்பவர் அவர்களைப் பார்த்து வாங்கினால், பின்னுக்கு வரும்போது பந்தில் ஜீவன் இருக்காது. போதாததற்கு, யூரித்தேன் எண்ணெயை உறிஞ்சாமல் முன்னே தள்ளிக்கொண்டே போகும். இரண்டாம் ஆட்டத்தில் லேன் வேறு மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது, ஆரம்பநிலை பெர்ல் ரியாக்டிவ், அதாவது லேனைப் பிடிக்கும் ரெசின் மேலுறையில் மினுங்கும் பொடி கலந்த பந்து. ஸ்டார்ம் டிராபிக்கல் சர்ஜ் ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான மேலுறை, உள்ளே சாதாரண கோர் (எடைக் கரு). முன்பகுதியில் வழுக்கிக்கொண்டு போய், வலுவைச் சேமித்து, கடைசியில் திரும்பும். இதில் பெர்ல் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. வலுவான கோர் கொண்ட பெர்ல் பந்து, வறண்ட பின்பகுதியைத் தொட்டதும் பாய்ந்து இடப்பக்கம் போய்விடும். பந்தின் விவரத்தில், கோரின் வலுவைக் காட்டும் டிஃபரன்ஷியல் எண்ணைப் பாருங்கள். விதிப்படி உச்சம் 0.060; இந்த வேலைக்கு 0.030-க்குக் கீழே போதும். எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று காட்டும் ஆர்ஜி எண் 2.55-ஐ ஒட்டியோ மேலேயோ இருந்தால் நல்லது.

டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது என்பது திரும்பி வரும் பந்தின் மேலேயே தெரியும். அது கூடுதலாக இருந்தால் எண்ணெய் வளையங்கள் விசிறி போல விரிந்து கிடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புது இடம் லேனைத் தொடுகிறது, பிடிமானம் ஏறுகிறது. குறைவாக இருந்தால் வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று நெருங்கி விழும், எண்ணெய் பட்ட இடமே திரும்பத் திரும்ப உருளும். வறண்ட லேனுக்கு வேண்டியது இதுதான்.

சரி, எதை எடுப்பது? லேனில் வறட்சி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 15 அடி வாக்கில் உள்ள அம்புக்குறிகளைத் தாண்டும்போதே பந்து வளையத் தொடங்கினால் முன்பகுதி காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே மங்கலான யூரித்தேன் வேண்டாம், பெர்ல்தான். முன்பகுதியில் ஒழுங்காகப் போய்க் கடைசியில் மட்டும் தாறுமாறாகத் திரும்பினால் யூரித்தேன் அதை அடக்கும். வாரம் ஒருமுறை லீக் ஆடும், மிதமான சுழற்சி உள்ள ஒருவர் ஒரே பந்து வாங்குவதானால் என் ஓட்டு பெர்லுக்கு. இரண்டு கை ஆட்டக்காரருக்கு யூரித்தேன்.

வீட்டில் பழைய பெர்ல் பந்து சும்மா கிடந்தால் புதிதாக வாங்கும் முன் அதற்கு பாலிஷ் போட்டுப் பாருங்கள், செலவு சொற்பம். அன்றைய லீக் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு, அது முடியும் வரை மேற்பரப்பை மாற்ற விதியில் இடமில்லை.