சாட்ஸ்வொர்த்தா, ஹாடனா? டார்பிஷரில் ஒரே ஒரு நாள்

இங்கிலாந்தின் டார்பிஷரில் பேக்வெல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதற்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி சாட்ஸ்வொர்த் மாளிகை. தெற்கே இன்னும் அருகில் ஹாடன் ஹால். இரண்டையும் ஒரே நாளில் அடித்துப்பிடித்துப் பார்த்துவிடலாம்தான். ஆனால் இரண்டாவது இடத்தில் கால் கெஞ்சும், கண் எதையும் வாங்காது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் கட்சி.

சாட்ஸ்வொர்த் டெவன்ஷர் பிரபுக்களான கேவண்டிஷ் குடும்பத்தின் இருப்பிடம். இன்று நாம் பார்க்கும் மாளிகையைப் பெரும்பாலும் முதலாம் பிரபு 1687 முதல் 1707 வரை கட்டினார். மன்னர் மூன்றாம் வில்லியமும் அரசி மேரியும் வந்து தங்குவார்கள் என்று நம்பி ஒரு வரிசை அறைகளை ஓவியமும் மரச்சிற்பமுமாக இழைத்தார். அவர்கள் வரவேயில்லை. 1844-இல் ஆறாம் பிரபுவுக்கும் அதே கதி. ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் வருவார் என்று ஏற்பாடு செய்த நீரூற்று சுமார் 90 மீட்டர் உயரம் வரை பீய்ச்சியடித்தது. பார்க்க வேண்டியவர் வரவில்லை. பம்பு எதுவும் கிடையாது. மேட்டு நிலத்தில் ஏரி வெட்டி, அங்கிருந்து குழாயில் இறங்கும் நீரின் அழுத்தத்தாலேயே அது எழும்புகிறது.

அந்த வேலையைச் செய்தவர் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன். பின்னாளில் லண்டனில் 1851-ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகக் கண்ணாடி மாளிகையை எழுப்பியவரும் இவர்தான். அந்த வித்தையை இங்கே கண்ணாடிக் கூடங்கள் கட்டியே பழகினார். அவற்றில் ஒன்றில் அவர் வளர்த்த வாழைக்குத்தான் பிரபுவின் குடும்பப் பெயர் வந்தது. நம் கடைகளில் தொங்கும் மோரிஸும் ரொபஸ்டாவும் அந்தக் கேவண்டிஷ் இனமே. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இதற்காகவாவது அந்தத் தோட்டத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

105 ஏக்கர் தோட்டத்தின் இன்னொரு பெருமை, 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த படிக்கட்டு அருவி. படிகளின் அளவுகள் ஒன்றுபோல இல்லாததால் நீர் விழும் ஓசை இடத்துக்கு இடம் மாறும். ஆனால் பழுதுபார்ப்புக்காக நீரை நிறுத்திவைக்கும் காலங்கள் உண்டு. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தையும் சொல்லியாக வேண்டும். கோடை விடுமுறையில் மாளிகைக்குள் பெரும்பாலும் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்ப்பீர்கள்.

ஹாடனின் கதை வேறு. அங்கே உடையவர்களே விட்டுப் போய்விட்டார்கள். வெர்னன் குடும்பத்தின் வீடு டோரதி வெர்னனின் திருமணத்தால் மேனர்ஸ் குடும்பத்துக்குச் சென்றது. டோரதி இரவில் காதலனோடு ஓடிப்போனாள் என்ற கதையை அங்கே எல்லோரும் சொல்வார்கள்; ரசியுங்கள், நம்ப வேண்டாம். 1703-இல் ரட்லண்ட் பிரபுக்கள் ஆன மேனர்ஸ் குடும்பத்தார் பெல்வார் கோட்டையிலேயே வாழ்ந்தார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஹாடனில் யாரும் நிலையாகக் குடியிருக்கவில்லை. அதனால் அந்தந்தக் காலத்து மோஸ்தருக்கு ஏற்ப அதை இடித்துக் கட்டவும் யாரும் இல்லை. சமையற்கூடம், தேய்ந்து குழிந்த படிகள், ஓக் பலகை வேய்ந்த நீண்ட கூடம் எல்லாம் பிழைத்தன. அந்தக் கூடத்தின் சன்னல் கண்ணாடிகள் ஒரே தளத்தில் இல்லாமல் புடைத்தும் சாய்ந்தும் இருக்கும். பிற்பகல் வெயிலில் ஒவ்வொரு சில்லும் தனித்தனியாக மின்னும்.

அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் தேவாலயம். பிற்காலத்தில் சுண்ணாம்பு பூசி மறைத்த 15-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள், இருபதாம் நூற்றாண்டில் வீட்டைச் சீரமைத்தபோது வெளிப்பட்டன. அங்கே ஒன்பது வயதில் இறந்த சிறுவனின் சிற்பம் படுத்திருக்கிறது. வடித்தவர் தாயார் வயலட். சீரமைப்பை நடத்திய ஒன்பதாம் ரட்லண்ட் பிரபு, அந்தச் சிறுவனின் தம்பி.

தோட்டத்தில் சாட்ஸ்வொர்த்தின் பரப்பை இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றமே. வை ஆற்றை நோக்கி அடுக்கடுக்காக இறங்கும் கல் மேடைகள், முட்டுச் சுவர்கள், அவற்றின் மேல் ஏறிய ரோஜாக்கள், அவ்வளவுதான். சூன் மாதத்தில் போனால் எனக்கு அதுவே போதும்.

மூன்றாவதாக ஹார்ட்விக் ஹாலையும் சிலர் சொல்வார்கள். 1590-களில் பெஸ் சீமாட்டி எழுப்பிய, சுவரைவிடச் சன்னல் அதிகமான வீடு. கோபுர உச்சிகளில் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் நிறுத்திய பெண்மணி அவர். அரசியை வரவேற்கத் தகுந்த மண்டபம் இங்கும் உண்டு. முதலாம் எலிசபெத் இங்கும் வரவில்லை. திரைச்சீலைச் சித்திரங்களில் ஈடுபாடு உள்ளவர்கள் தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம். பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உறுப்பினர் அட்டை இந்த மூன்றில் ஹார்ட்விக்கில் மட்டும்தான் செல்லும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சாட்ஸ்வொர்த். ஓடியாட இடமுண்டு, பண்ணை உண்டு, நனைய நீருண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும் அதுதான், ஏனென்றால் ஹாடனின் முற்றம் ஏற்ற இறக்கமான கல் பாவியது, படிகளும் சீரற்றவை. இந்தத் தடை எதுவும் இல்லாதவர்கள் யோசிக்காமல் ஹாடனுக்குப் போகலாம். குளிர்காலத்தில் பெரும்பாலான நாட்கள் அது மூடியிருக்கும். திறப்பு நாட்களைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.