ஆர்எக்ஸா, எஸ்டியா? எண்ணூர் மண்ணுக்கு எந்த டூ ஸ்ட்ரோக்

சென்னைக்கு வடக்கே எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி பக்கம் மண்பாதையில் ஓட்டுவதற்காக ஒரு பழைய டூ ஸ்ட்ரோக்கைத் தேற்றி எடுக்கலாம் என்று கிளம்பினால், கண்ணில் படுவது பெரும்பாலும் மூன்று வண்டிதான்: யமஹா ஆர்எக்ஸ் 100, எஸ்டி ரோட்கிங், ராஜ்தூத் 175. மூன்றாவதை இப்போதே ஒதுக்கிவிடலாம். போலந்து நாட்டு எஸ்எச்எல் வண்டியின் வழியில் வந்த 173 சிசி ராஜ்தூத் உழைப்பாளிதான். ஆனால் 3 கியரை வைத்துக்கொண்டு மணலில் ஏறுவது பெரும்பாடு. அதை அப்படியே பாலிஷ் போட்டு நிறுத்துங்கள், அழகாக இருக்கும்.

மிச்சம் இரண்டு. 1985 முதல் 1996 வரை வந்த ஆர்எக்ஸ் 100 ஒரு 98 சிசி வண்டி. போர் (சிலிண்டரின் விட்டம்) 50, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ., 11 குதிரைத்திறன், எடை 103 கிலோ அளவு. மைசூரில் 1978 முதல் 1996 வரை தயாரான ரோட்கிங்குக்கு 65 மி.மீ. போர், 75 மி.மீ. ஸ்ட்ரோக், 16 குதிரைத்திறன், எடை 140 கிலோவை ஒட்டி. ஒரு குதிரைத்திறனுக்கு இத்தனை கிலோ என்று வகுத்துப் பார்த்தால் ஆர்எக்ஸுக்கு 9.4, எஸ்டிக்கு 8.75. காகிதத்தில் எஸ்டிக்கே வெற்றி. மண்ணில் இந்தக் கணக்கு செல்லாது.

காரணம், சக்தி எங்கே பிறக்கிறது என்பது. ஆர்எக்ஸின் 11 குதிரையும் 7500 ஆர்பிஎம் பக்கம்தான் முழுசாக வரும். உள்ளே போன கலவையைத் திரும்ப விடாத ரீட் வால்வு இருப்பதால் கீழேயும் ஓரளவு இழுக்கும், ஆனாலும் அது 98 சிசிதானே. ரோட்கிங் 5000 ஆர்பிஎம்மைத் தொடுவதற்குள் தன் முழு பலத்தையும் காட்டிவிடும். டார்க்கும், அதாவது இழுவிசையும், ஆர்எக்ஸைவிட இரண்டு மடங்குக்கு மேல். பழவேற்காட்டுப் பக்கத்து இளமணலில் இரண்டாவது கியரிலேயே பொறுமையாக இழுத்துக்கொண்டு போகும். ஆர்எக்ஸை அதே இடத்தில் திருகிக்கொண்டே இருக்க வேண்டும்; ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டால் உட்கார்ந்துவிடும். ஆனால் வண்டி சாய்ந்து விழுந்தால்? 140 கிலோவை மணலிலிருந்து தூக்கி நிறுத்தி, கியர் லீவரையே உள்ளே அழுத்தித் திருப்பி கிக்கராக்கி உதைக்க வேண்டும். எஸ்டியில் கியருக்கும் கிக்கருக்கும் ஒரே லீவர். ரோட்டில் அது ரசனை, மணலில் தொல்லை.

எஸ்டிக்கு ஒரு இடத்தில் மட்டும் மனசாரக் கைதட்டலாம்: செயினை முழுசாக மூடிய கேஸ். எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். டால்கம் பவுடர் மாதிரி மெலிசு, ஆனால் கண்ணாடித் தூள் மாதிரி அரிக்கும். ஆயில் பூசிய திறந்த செயினில் அது ஒட்டினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான். மண்ணுக்காக வண்டியைத் திறக்கிறோம் என்று எஸ்டியின் செயின் கேஸைக் கழற்றி வீசுகிறார்கள் பாருங்கள், அதைவிட முட்டாள்தனம் இல்லை. ஆர்எக்ஸுக்கும் கம்பெனி செயின் கவரைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் ஃபோமையும் காய்ந்த நிலையில் போடாதீர்கள். மண்ணெண்ணெயில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்தி, ஃபோம் ஃபில்டர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து, பெட்டியில் உட்காரும் விளிம்பில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். சாம்பல் போகும் வழி அந்த விளிம்புதான். உள்ளே போனால் முதலில் ரிங், பிறகு பிஸ்டன் ஸ்கர்ட் என்று வரிசையாகத் தேயும்.

இன்ஜின் வேலை இரண்டுக்கும் அடிப்படையில் ஒன்றுதான், செலவு நேரெதிர். ஆர்எக்ஸுக்கு பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராடு கிட், ஆயில் சீல் எல்லாம் சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் ஒரு நடையில் கிடைக்கும். போலியும் அதே கடை வரிசையில்தான். பிஸ்டனைக் கையில் வாங்கியதும் மைக்ரோமீட்டர் வைக்காமல் லேத்துக்குக் கொடுக்காதீர்கள். 0.25, 0.50 என்று ஓவர்சைஸ் அச்சடித்திருப்பதை நம்பி போர் போடக் கூடாது. அந்தப் பிஸ்டனையே கையில் கொடுத்து, 'இதுக்கு அளந்து போடுங்கண்ணே' என்று சொல்ல வேண்டும். ஆர்எக்ஸுக்கு பிஸ்டன் கிளியரன்ஸ் (சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி) 0.03 மி.மீ. சுற்றி இருக்கலாம். ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாக வைத்து இடைவெளி பார்த்தால் 0.2 மி.மீ. பக்கம் வர வேண்டும், எஸ்டியின் பெரிய போருக்கு இன்னும் சற்றுக் கூட. எஸ்டி சாமான் கிடைக்காமல் இல்லை, தேடணும். கிடைத்த கிராங்க் பின் சரியாக உட்காரவில்லை என்றால் பட்டறையில் செய்யச் சொல்லிக் காத்திருக்கணும்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏற்கெனவே இறுகி ஜாம் ஆனதா என்று பிஸ்டனே சொல்லிவிடும். நான்கு மூலையிலும் கோடு விழுந்திருந்தால் கிளியரன்ஸ் இறுக்கம் அல்லது சூடேறாமலே முறுக்கியது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கோடு என்றால் ஆயில் போதவில்லை, அல்லது காற்று எங்கேயோ கசிந்து பெட்ரோல் குறைந்து எரிகிறது. இரண்டாவது வியாதிக்குப் பெரும்பாலும் கிராங்க் சீல்தான் காரணம். மேக்னெட் பக்கச் சீல் போனால் காற்றை இழுக்கும். ஆக்சிலேட்டரை விட்டபிறகும் இன்ஜின் சுற்று இறங்காமல் கத்திக்கொண்டே நிற்கும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை விடும். கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கார்புரேட்டர், சைலன்சர் வாய் இரண்டையும் ரப்பர் வைத்து அடைத்து, கைப்பம்பில் 6 பிஎஸ்ஐ ஏற்றி, 6 நிமிடம் முள் அசையாமல் நிற்கிறதா பாருங்கள். இறங்கினால் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள்தான் வருஷத்துக்கு ஒரு பிஸ்டன் வாங்குகிறார்கள்.

ஆயில் விஷயத்தில் ஆர்எக்ஸில் ஒரு சிக்கல் உண்டு. அதில் தனி ஆயில் பம்ப். மண் ஓட்டத்துக்கு அதைக் கழற்றி, பெட்ரோலிலேயே ஆயிலை 1:30 கலக்க நினைப்பவர்கள் பலர். தப்பில்லை: 5 லிட்டருக்கு 167 மி.லி. ஆனால் பம்ப் குழாய் போய்ச் சேரும் நிப்பிளை அடைக்காமல் விட்டால் அங்கேயே காற்று கசியும், அடுத்த வாரம் ஜாம். பம்பை வைத்துக்கொள்வதானால் குழாயில் குமிழி இல்லாமல் ஏர் எடுத்து, ஆக்சிலேட்டர் கேபிளோடு குறியைச் சேர்த்து வையுங்கள். எஸ்டிக்கு இந்தக் குழப்பமே இல்லை, பிறவியிலேயே கலவைதான். 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இரண்டுக்கும் பொது வில்லன். கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடும் என்பதால் மெயின் ஜெட்டை ஓரிரு படி கூட்டிப் பிளக் நிறம் பாருங்கள். கடற்காற்று ஈரத்தை எத்தனால் உறிஞ்சும். வண்டி இரண்டு வாரம் நிற்கப் போகிறது என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள்.

எஸ்டியின் பழைய மாடல்களில் ஸ்பார்க்குக்குத் திறந்து மூடும் பாயிண்ட் செட். காசிமேட்டு உப்புக்காற்றில் பாயிண்ட் முனை கறுக்கும், ஸ்பார்க் சோம்பும். இடைவெளி 0.4 மி.மீ. வைத்து மாதம் ஒருமுறை துடைக்கத் தயார் என்றால் வையுங்கள், இல்லாவிட்டால் பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் சிடிஐ கிட்.

டேங்க் துருவுக்கு ஆசிட் ஊற்றும் வழக்கத்தை விட, வாஷிங் சோடா வழி மெதுவானது, ஆனால் தகட்டைத் தின்னாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா கரைத்து டேங்கை நிரப்புங்கள். டேங்குக்கு 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ், உள்ளே எதையும் தொடாமல் தொங்கும் இரும்புக் கம்பிக்கு பாசிட்டிவ். ஸ்டெயின்லெஸ் கம்பி கூடவே கூடாது, விஷக் குரோமியம் கிளம்பும். ஹைட்ரஜன் வாயுவும் வரும், அதனால் வெளியில் வைத்துச் செய்யுங்கள். முடிந்ததும் கழுவிக் காயவைத்து உடனே டூ டி ஆயில் சுழற்றி விடாவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஆரஞ்சு நிறம் திரும்பும்.

மாற்றங்களில் காசு கொடுத்தால் பலன் தெரிவது ஸ்ப்ராக்கெட். முன்னால் ஒரு பல் குறைப்பதும் பின்னால் மூன்று பல் கூட்டுவதும் ஏறக்குறைய சமம். பின்னால் கூட்டுவதே செயினுக்கு நல்லது. அடுத்து ஃபோர்க். ஹீரோவின் மண்பாதை வண்டியான எக்ஸ்பல்ஸ் 200 ஃபோர்க்கின் 190 மி.மீ. ஓட்டம் ஆசை காட்டும். ஆனால் முன்பக்கம் 25 மி.மீ. உயர்ந்தாலே ஸ்டியரிங் கோணம் சுமார் 1 டிகிரி படுக்கும், மெதுவான திருப்பங்களில் மூக்கு நழுவும். பின் ஷாக்கையும் அதே அளவு ஏற்றாவிட்டால் வண்டி சாய்வு நாற்காலிதான். சைலன்சரை அறுக்காதீர்கள். ஆர்எக்ஸின் கம்பெனி சைலன்சர் அளந்து செய்தது; அறுத்தால் சத்தம் கூடும், இழுவை குறையும். எஸ்டிக்கு இரண்டு எக்ஸாஸ்ட், இரண்டும் தாழ்வாக ஓடும், கல்லில் மோதும். இரண்டையும் மேலே தூக்க, நீளம் மாறாமல் வளைத்துப் பற்றவைக்க நல்ல கை வேண்டும். அந்தக் கூலிக்கே ஆர்எக்ஸுக்கு ரிம், ஸ்போக், பட்டன் டயர் எல்லாம் முடிந்துவிடும்.

ஆக, எஸ்டி மணலுக்கு, ஆர்எக்ஸ் மிச்ச எல்லாவற்றுக்கும் என்று சொல்லிவிடலாம். ஆனால் முழு ஒரிஜினல் ஆர்எக்ஸ் 100 ஒன்றைக் கிழிக்க மனசு வரக் கூடாது. அதை அப்படியே வைத்தால்தான் விலை. மண்ணுக்கு நசுங்கிய ஆர்எக்ஸ் 135 தேடுங்கள். அதே 50 மி.மீ. ஸ்ட்ரோக், 58 போர், 132 சிசி, நிறைய சாமான் ஒத்துப்போகும், குறைந்த ஆர்பிஎம்மில் இழுவையும் அதிகம்.

எதை எடுத்தாலும், ஃபிரேமையோ இன்ஜினையோ மாற்றியதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு ஏற்காது. ரோட்டில் ஓட்டணும் என்றால் வடிவம் ஒரிஜினலாக இருக்கணும், 15 வருஷம் கடந்த ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பித்ததா என்றும் பார்க்கணும். தண்டையார்பேட்டையோ வியாசர்பாடியோ, எந்த ஆர்டிஓ பதிவானாலும் சரி, ஹெட் குழாயில் உள்ள சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, எழுத்து வரிசை கோணலாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.