சுப்ரீம் எம்5 ப்ரோ: நீளத்தை விடுங்கள், குதிகாலைப் பாருங்கள்

ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எடை, விறைப்பு, பிளேடு என்றுதான் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் அவையெல்லாம் பிறகு. காலோடு ஒட்டாத உயர்ரக ஸ்கேட்டைவிட, காலோடு ஒட்டிய சாதாரண ஸ்கேட்டில் நன்றாகவே விளையாடலாம். ஆகவே பாவர் நிறுவனத்தின் சுப்ரீம் எம்5 ப்ரோ பற்றிய இந்த மதிப்புரையில் பெரும்பகுதி பொருத்தத்தைப் பற்றித்தான். ஒரு பருவம் முழுக்க இதைப் போட்டு விளையாடிவிட்டு எழுதுகிறேன். நான் தடுப்பாட்டக்காரன். பின்னோக்கிச் சறுக்குவதும், எதிராளி திசை மாற்றும்போது நானும் சட்டென்று திரும்புவதும்தான் என் வேலை. அந்த நொடியில் பூட்டுக்குள், அதாவது ஸ்கேட்டின் காலணிப் பகுதிக்குள், கால் நழுவினால் அவன் என்னைத் தாண்டிப் போய்விடுவான்.

முதலில் என் பாதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் என் கருத்து யாருக்கும் பயன்படாது. முன்பாதம் அகலம், புறங்கால் கொஞ்சம் உயரம், குதிகால் மட்டும் ஒடுக்கம். சிறுவிரலின் அடியில் எலும்பு சற்றுப் புடைத்திருக்கும். இத்தகைய பாதம் பலருக்கும் உண்டு. ஆனால் பெட்டியின்மேல் அச்சிட்ட ஒற்றை எண்ணுக்குள் அது அடங்காது.

இதற்கு முந்தைய ஜோடியை வாங்கிய கடையில் என் ஷூ எண்ணை மட்டும் கேட்டார்கள். பாதத்தை அளக்கவே இல்லை. "விரல்கள் தாராளமாக அசைகின்றனவா?" என்று கேட்டார் விற்பனையாளர். அசைந்தன. உடனே பில் போட்டுவிட்டார். ஓடுவதற்கான ஷூவுக்கு அது சரியான கேள்வி. ஸ்கேட்டுக்கு அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பாவர், சிசிஎம் என்ற இரு நிறுவனங்களிலும் ஸ்கேட்டின் எண் பொதுவாக ஷூ எண்ணைவிட ஒன்றிலிருந்து ஒன்றரை வரை குறைவாகத்தான் வரும். ஷூ எண்ணையே ஸ்கேட்டுக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஜோடி எனக்கு நன்றாகவே காட்டியது.

குதிகால் பூட்டுக்குள் லேசாக மேலெழும். பனியை உந்தும்போது அந்த விசை முதலில் அந்த இடைவெளியை மூடுவதில் செலவாகிறது; மீதிதான் பிளேடுக்குப் போகிறது. கணுக்கால் உள்பக்கம் சாய்கிறது. அதைச் சரிக்கட்ட லேஸை இன்னும் இறுக்குகிறோம். இறுக்கிய லேஸ் பூட்டின் நாக்கை அழுத்த, நாக்கு கணுக்காலுக்கு முன்னே ஓடும் தசைநாணை அழுத்துகிறது. ஆட்டக்காரர்கள் லேஸ் பைட் என்று சொல்லும் வலி இப்படித்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. வலி தாங்காமல் தளர்த்தினால் குதிகால் மறுபடி எழும், மறுபடி இறுக்குவோம். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டாவது முடிவதற்குள் உள்ளங்கால் மரத்துப்போகும். "உன் கணுக்காலுக்கு வலு போதாது" என்று கூட விளையாடியவர்கள் சொன்னார்கள். பலருக்கு இப்படிச் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. கணுக்காலைக் குறை சொல்வதற்கு முன் பூட்டின் அளவைப் பாருங்கள்.

இந்த ஜோடிக்காகப் போனது ஸ்கேட் மட்டுமே விற்கும் வேறொரு கடைக்கு. அங்கிருந்த பெண்மணி என் பழைய ஸ்கேட்டின் எண்ணைக் கேட்கவே இல்லை. இரண்டு பாதங்களையும் பிரானக் எனும் பாத அளவுக் கருவியில் அளந்தார். நிற்கும்போது ஓர் அளவு, உட்கார்ந்திருக்கும்போது ஓர் அளவு. நிற்கும்போது வளைவு எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்தார். பிறகு முப்பரிமாண ஸ்கேனரில் நிற்கவைத்தார். திரையில் வந்த பரிந்துரையை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்ததுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. ஸ்கேனர் பாதத்தின் வடிவத்தைத்தான் சொல்லும். எந்த இடத்து அழுத்தத்தை நம்மால் பொறுக்க முடியும் என்பதைக் காலை உள்ளே விட்டுத்தான் அறிய வேண்டும்.

பாவர் ஸ்கேட்டுகளில் முன்பெல்லாம் பாதத்துக்கு ஏற்ப வரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒடுக்கமான காலுக்கு வேப்பர், நடுத்தரத்துக்கு சுப்ரீம், பருத்த காலுக்கு நெக்சஸ்; ஒவ்வொன்றிலும் டி, இஇ என்று அகல எழுத்துகள் வேறு. 2020இல் இதை மாற்றத் தொடங்கினார்கள். நெக்சஸ் ஸ்கேட்டுகள் நின்றன. மேல்நிலை மாடல்களில் ஃபிட் 1, ஃபிட் 2, ஃபிட் 3 என்ற மூன்று பிரிவுகள் வந்தன. 1 என்றால் எல்லா இடத்திலும் ஒடுக்கம், புறங்காலுக்கு ஆழமும் குறைவு. 3 என்றால் அகலமும் ஆழமும் கூடுதல். 2 நடுவே. இது நல்ல மாற்றம் என்பது என் உறுதியான கருத்து. பழைய எழுத்துகள் அகலத்தை மட்டுமே சொல்லின. ஆனால் ஸ்கேட்டில் அகலத்துக்குச் சமமாகக் கொள்ளளவும் முக்கியம்: புறங்கால் எவ்வளவு உயரம், குதிகால் குழியில் எவ்வளவு ஆழமாக அமர்கிறது என்பவை.

குறை ஒன்று உண்டு. மூன்று பிரிவும் பாதம் முழுக்க ஒரே விகிதத்தில் பருக்கிறது என்று எண்ணிக்கொள்கின்றன. என்னைப் போல முன்னே அகலமும் பின்னே ஒடுக்கமுமாக இருப்பவர்களுக்கு எது? ஃபிட் 3 போட்டதும் விரல்களுக்குச் சுகமாக இருந்தது, குதிகால் மிதந்தது. ஃபிட் 2இல் குதிகால் அப்படியே பதிந்தது, சிறுவிரல் எலும்பு பக்கச் சுவரில் இடித்தது. அந்தப் பெண்மணி ஒரே வரியில் முடிவு சொல்லிவிட்டார்: "இடிக்கிற இடத்தை நான் விரித்துக் கொடுக்கலாம். மிதக்கிற குதிகாலை என்னால் சுருக்க முடியாது." ஸ்கேட் வாங்கப் போகிற எவரும் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும் என்று தோன்றுகிறது.

ஃபிட் 2இலும் அவர் சோதிக்காமல் விடவில்லை. உட்கார்ந்து குதிகாலைத் தரையில் இரண்டு தடவை தட்டிப் பின்னுக்குத் தள்ளி, அதன் பிறகுதான் லேஸ் கட்டச் சொன்னார். நேராக நிற்கும்போது பெருவிரல் முன்மூடியை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி ஆட்ட நிலைக்கு வந்தால் கால் பின்னே போய் விரல் சற்று விலக வேண்டும். மடக்கிய நிலையிலும் விரல் முட்டினால் நீளம் குறைவு. லேஸ் கட்டுவதற்கு முன் பென்சில் சோதனை: பூட்டின் நாக்கை முன்னே இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது லேஸ் துளைகளுக்குக் குறுக்கே ஒரு பென்சிலை வைப்பது. பென்சில் இரு பக்க விளிம்பிலும் படிந்து காலைத் தொடாமல் கிடந்தால் ஆழம் போதும். புறங்காலில் பட்டு ஆடினால் பூட் ஆழமில்லை. லேஸ் பைட் வர வாய்ப்பு அதிகம். என் புறங்காலில் இது கிட்டத்தட்ட உரசுகிற அளவில் தப்பியது. எலும்பு இன்னும் சற்று உயர்ந்திருந்தால் ஃபிட் 3தான் எனக்கு விதித்திருக்கும்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது எழுந்து நடந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். நடப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் அல்ல அது. லேஸைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரமாவது முழங்காலை மடக்கியும் நிமிர்த்தியும் இருங்கள். சுற்றிலும் ஒரே சீராக இறுக்கிப் பிடித்தால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் குத்தினாலோ விரல்கள் மரத்தாலோ அதைச் சொல்லுங்கள். கைகுலுக்கும்போது நம்பிக்கையான ஒருவர் பிடிக்கிற பிடி போல இருக்க வேண்டும்: உறுதி உண்டு, நசுக்கல் இல்லை.

அடுத்தது சூடேற்றுதல். ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் அதற்கென உள்ள அடுப்பில் சில நிமிடங்கள் வைத்தார்கள். இளகிய பூட்டில் காலை விட்டு, லேஸை மேல்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் இழுத்துக் கட்டினார்கள். இளகிய நிலையில் மேல்நோக்கி இழுத்தால் துளைகள் பிய்ந்துவரக் கூடும். எழுந்து நிற்கவோ கடுமையாக முன்னே சாயவோ கூடாது. கால் மணி நேரம் உட்கார்ந்தே இருந்தேன். ஒரு நாள் கழித்துத்தான் பனியில் இறங்கலாம் என்றார்கள். கணுக்கால் எலும்பைச் சுற்றி ஏற்பட்ட மாற்றம் கையால் தடவினாலே தெரிந்தது. ஆனால் சூடேற்றுவது நீளத்தைக் கூட்டாது. தவறான எண்ணைச் சரியாக்கவும் செய்யாது. "சுட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது அரை எண் பெரியதையோ சின்னதையோ கொடுத்தால் வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். சிறுவிரல் எலும்பு இடித்த இடத்தை மட்டும் பிறகு கருவி வைத்து வெளிப்புறமாக உப்பவைத்தார்கள். அதோடு அந்தத் தொந்தரவு தீர்ந்தது.

பனியில் இதன் பலன் எனக்கு முதலில் புலப்பட்டது லேஸில்தான். முன்பு கை சிவக்க இழுத்தவன், இப்போது நடுப்பகுதியில் மிதமாகவும் மேலே இன்னும் தளர்வாகவும் கட்டுகிறேன். முழங்கால் தடையின்றி முன்னே மடங்குகிறது. பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பி முன்னோக்கி மாறுகிற இடத்தில் பிளேடு கேட்டவுடன் பனியைப் பிடிக்கிறது. தொடக்கத்தில் சில ஆட்டங்களுக்கு உள்ளங்கால் வளைவு சோர்ந்தது. இன்சோலைச் சற்று உயர்ந்த வளைவுள்ளதாக மாற்றியபின் அதுவும் இல்லை.

இது எல்லோருக்குமான ஸ்கேட் அல்ல. பாதம் எங்கும் ஒரே அளவாக ஒல்லி என்றால் ஃபிட் 1ஐயோ சிசிஎம்மின் டேப்பர்ட் வகையையோ முதலில் போட்டுப் பாருங்கள். சிசிஎம்மிலும் டேப்பர்ட், ரெகுலர், வைட் என்று மூன்று உண்டு. புறங்கால் மிக உயர்ந்தவர்களும், இரு பாதங்களுக்கும் கணிசமான வித்தியாசம் உள்ளவர்களும் ட்ரூ நிறுவனத்தின் பூட்டைப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். அதன் ஓடு முழுவதும் சூட்டில் காலைச் சுற்றி வளைந்துகொள்வது வேறெதிலும் நான் பார்க்காத அளவுக்கு இருந்தது. குதிகால் ஒடுக்கமாக இல்லாதிருந்தால் நானும் அங்கேதான் நின்றிருப்பேன்.

குழந்தைகளுக்கு வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வளர்கிற கால் என்று இரண்டு எண் பெரிதாக எடுக்காதீர்கள். அரை எண் இடம் விட்டால் போதும். என் மகளின் குழுவில் குதிகால் ஆடும் பூட்டோடு தடுமாறுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. தங்களால் முடியவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பயன்படுத்திய ஸ்கேட்டாக இருந்தாலும் அளவு சரியாக இருப்பதை வாங்கிக் கொடுங்கள்.

காலுறை மெல்லியதாக இருக்கட்டும். புகழ்பெற்ற தடுப்பாட்டக்காரர் பாபி ஓர் (Bobby Orr) காலுறையே இல்லாமல் விளையாடினார் என்பது ஹாக்கி உலகம் அறிந்தது; அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. ஆனால் கடையில் எந்தத் தடிமனுள்ள காலுறையோடு பொருத்தம் பார்த்தீர்களோ, அதையே பனியிலும் போடுங்கள். தடித்த காலுறை போட்டால் அந்த ஃபிட் 2 வேறொரு பூட்டாகிவிடும். ஒரு பருவம் கழித்துப் பொருத்தம் தளர்ந்ததாகத் தோன்றினால் மறுபடி ஒருமுறை சூடேற்றலாம். அடிக்கடி செய்தால் பசை தளரும். அதற்கு முன் இன்சோலையும் லேஸையும் மாற்றிப் பாருங்கள்.