சீக்மண்ட் வார்பர்க்கின் வாழ்க்கை: நியால் ஃபெர்குசனின் ‘ஹை ஃபைனான்சியர்’

வரலாற்றாசிரியர் நியால் ஃபெர்குசன் 2010இல் வெளியிட்ட ‘ஹை ஃபைனான்சியர்’, லண்டன் மெர்ச்சன்ட் வங்கியாளர் சீக்மண்ட் வார்பர்க்கின் வாழ்க்கை வரலாறு. அதுவரை வெளியார் பார்வைக்கு வராத பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களையும் நாட்குறிப்புப் பதிவுகளையும் ஆதாரமாகக் கொண்டது என்பதே இதை வாங்குவதற்கான முதல் காரணம். பொதுமக்களின் சேமிப்பைப் பெற்றுக் கடன் கொடுக்கும் வங்கி வேறு; நிறுவனங்களுக்கும் அரசுகளுக்கும் கடன்பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டித் தருவதும், ஒரு நிறுவனம் மற்றொன்றை வாங்கும்போது உடனிருந்து ஆலோசனை சொல்வதுமே மெர்ச்சன்ட் வங்கியின் பிழைப்பு. அந்த வேலை உள்ளுக்குள் எப்படி நடக்கிறது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு இந்நூலை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

1902இல் தெற்கு ஜெர்மனியில் பிறந்த வார்பர்க், 1798 முதல் ஹாம்பர்க்கில் வங்கி நடத்திவந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் லண்டனுக்குக் குடிபெயர்ந்து, 1934இல் நியூ டிரேடிங் கம்பெனியைத் தொடங்கினார். அகதியாக வந்த ஹென்றி கிரன்ஃபெல்ட் அவருக்குக் கடைசிவரை தோள்கொடுத்த பங்காளி. 1946இல்தான் அந்த நிறுவனம் எஸ்.ஜி. வார்பர்க் என்ற பெயரைப் பெற்றது.

நூலின் உயிர்நாடி பிரிட்டிஷ் அலுமினியம் என்ற நிறுவனத்தைக் கைப்பற்ற நடந்த போராட்டம். 1958இல் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், அமெரிக்காவின் ரெனால்ட்ஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து அந்நிறுவனத்தை வாங்க முன்வந்தன. அவற்றுக்காகக் களமிறங்கியவர் வார்பர்க். பங்கு ஒன்றுக்கு 78 ஷில்லிங் தர அவை தயாராக இருந்தபோது, இரண்டாம் உலகப் போரில் விமானப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த போர்ட்டல் பிரபுவின் தலைமையிலான நிர்வாகமோ, பங்குதாரர்களைக் கேட்காமலேயே மூன்றில் ஒரு பகுதியை அமெரிக்க அலுமினிய நிறுவனமான அல்கோவாவுக்கு 60 ஷில்லிங் வீதம் கொடுக்க ஒப்பந்தம் செய்திருந்தது. லாசர்ட், ஹாம்ப்ரோஸ் போன்ற பழம்பெரும் வங்கிகள் நிர்வாகத்தின் பக்கம் அணிதிரண்டன. வார்பர்க் தரப்பு சந்தையில் நேரடியாகப் பங்குகளை வாங்கிக் குவித்து, 1959 ஜனவரி தொடக்கத்தில் பெரும்பான்மையைக் கைப்பற்றியது. ஒரு நிறுவனம் யாருக்குச் சொந்தம், இயக்குநர்களுக்கா, பங்குதாரர்களுக்கா என்ற கேள்விக்கு லண்டன் அன்றுதான் நேருக்கு நேர் பதில் சொல்ல நேர்ந்தது. நிர்வாகத்தின் விருப்பத்துக்கு எதிராக நடக்கும் கையகப்படுத்தல்களுக்கு இதுவே வழிதிறந்தது என்பதால், இதை வெறும் வெற்றிக்கதையாகப் படிக்கக்கூடாது என்பது என் கருத்து.

1963இல் இத்தாலிய நெடுஞ்சாலை நிறுவனமான ஆட்டோஸ்டிராடேவுக்காக வார்பர்க் வெளியிட்ட ஒன்றரைக் கோடி டாலர் கடன்பத்திரமும் நூலின் முக்கியமான பகுதி. வட்டி 5.5 விழுக்காடு, பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பிரிட்டிஷ் முத்திரைத் தீர்வையைத் தவிர்ப்பதற்காக நெதர்லாந்தின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் வைத்துப் பத்திரங்களை வெளியிட்டார்கள்; வட்டியை லக்ஸம்பர்க்கில் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். அமெரிக்காவுக்கு வெளியே தேங்கியிருந்த டாலரை ஐரோப்பாவிலேயே கடனாகத் திரட்டலாம் என்று காட்டிய இந்த யூரோபாண்ட், நியூயார்க்கிடம் இழந்திருந்த செல்வாக்கை லண்டன் மீட்க உதவியது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் கென்னடி அரசு, அமெரிக்கர்கள் வாங்கும் வெளிநாட்டுப் பத்திரங்கள்மீது புதிய வரியை அறிவித்தது; நியூயார்க்கில் கடன் திரட்டுவது வெளிநாட்டாருக்குச் செலவு மிக்கதானதால், அது இந்தச் சந்தைக்குப் பெரும் உரமாயிற்று.

வாடிக்கையாளர்களுக்கு மதிய உணவை இரண்டு பந்தியாகப் பரிமாறிய கட்டுப்பாடான அலுவலகத்தை வார்பர்க் நடத்தினார். வேலைக்கு ஆள் எடுக்கும்போது கையெழுத்தை வைத்துக் குணம் கணிப்பவரின் கருத்தையும் கேட்டார். இது அறிவியல் ஆதாரமற்ற பழக்கம்; பலருடைய வாய்ப்பைத் தீர்மானித்த ஒன்று என்பதால், ஆசிரியர் இன்னும் கறாராக விசாரித்திருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒருங்கிணைப்பைப் பற்றிய பக்கங்கள் எனக்கு நீளமாகவே பட்டன. குடும்ப வங்கிகளுக்கிடையிலான பிணக்குகளும் பொது வாசகரைச் சோர்வடையச் செய்யும். வாடிக்கையாளரின் நம்பிக்கையே முதல், லாபம் பிறகு என்ற வார்பர்க்கின் கொள்கையை 2008 நிதி நெருக்கடிக்குக் காரணமான வங்கிகளுக்கு எதிரே நிறுத்துவது ஆசிரியரின் நோக்கம். அந்த வாதம் நியாயமானதே. ஆனால் வார்பர்க் 1982இல் இறந்தபின், 1995இல் அவருடைய வங்கியே ஸ்விஸ் பாங்க் கார்ப்பரேஷனுக்கு விற்கப்பட்டது. அந்தக் கொள்கை ஒரு மனிதரோடு முடிந்துவிடக்கூடியதா என்பதை ஆசிரியர் இன்னும் ஆழமாக ஆராய்ந்திருக்கலாம். நிதித்துறைக்குப் புதியவர்கள் பிரிட்டிஷ் அலுமினியம் பகுதியை முதலில் படித்துவிட்டுத் தொடக்கத்துக்குத் திரும்புவது நல்லது.